சும்மாதான் இருக்கேன்

ஒலிமுகமதுபேட்டையில் கலீமுல்லா வீட்டு மாடியில் ஒரு கோப்பை டீ எப்படி ஆறிப்போகிறது என்று அவர் மனைவி ஜஹனாராவைக் கேட்டால், நன்றாகத் திட்டிவிட்டுத்தான் பதில் சொல்வாள். அவள் மகள் ருக்ஸானா, வந்தவர் குடிக்காமல் தான் குடிக்க மாட்டாள். அந்த வீட்டு வளர்ப்பு அப்படி. வந்தவள் ஜோதிகாவோ, வீட்டுக்காரர் குடிக்காமல் கோப்பையைத் தொட மாட்டாள். முசரவாக்கத்தில் அவள் அம்மா மேரியின் வளர்ப்பு அப்படி. "நீ எடுடி", "நீ எடுக்கா" என்று இரண்டும் உபசாரம் பண்ணி முடிப்பதற்குள் டீயில் ஆடை கட்டிவிடும்.

"யா அல்லா! இவ்ளோ படிச்சிருக்குதுங்க, ஒரு டீ குடிக்கத் தெரியல. நான் இன்னா நாள் பூரா அடுப்பு முன்னாடியே நிக்கறதா?" என்று ஜஹனாரா கத்துவாள். கத்திவிட்டு மறுபடியும் சூடு பண்ணி எடுத்து வருவாள்.

சிரிக்காதீர்கள். இந்த உபசாரப் பைத்தியம்தான் இரண்டு பேருக்கும் திருடி என்ற பட்டம் கிடைக்கிற வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

ருக்ஸானா சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஜோதிகா நர்ஸ் வேலையில் இருந்துகொண்டே பொது சுகாதாரம் படித்தவள், அவளைவிட ஆறு வயது சின்னவள். ஒரே ஸ்கூட்டரில் இருவரும் முசரவாக்கம், திருப்புட்குழி என்று ஊர் ஊராகச் சுற்றி, தார் சுற்றுகிற பெண்களைப் பற்றி ஆய்வு செய்தார்கள். தறியில் உட்கார்ந்து நெய்கிறவரைத்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் தறியில் குறுக்கே ஓட்டுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது யார்? அவர் வீட்டுப் பெண்தான். ராட்டை முன்னால் உட்கார்ந்து, ஒரு கையால் சுழற்றி, மறு கையின் கட்டைவிரலால் நூலை ஓட்டி ஓட்டி, அந்த விரலின் அடி வீங்கிக் கிடக்கும்.

ஆனால் அந்தப் பெண்களிடம் போய், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்களேன்! திருப்புட்குழியில் பெரியநாயகி என்கிற அம்மாள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ராட்டையை விடாமல் ஓட்டியபடியே சொன்னாள்: "எனக்கு இன்னாம்மா வேலை? சும்மாதான் இருக்கேன். அவருதான் நெய்யறாரு." போன வீட்டிலெல்லாம் இதே பதில். வேலையே செய்யாதவளுக்கு வேலையால் எப்படி வலி வரும்? அதனால் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் அந்த வலி ஏறவில்லை.

கேள்விகளை ஊருக்குள் கொண்டுபோகும் முன்பு ருக்ஸானா தன் அம்மாவிடம்தான் கேட்டுப் பார்த்தாள். அப்போது ஜஹனாராவின் மடியில் ஒரு கல்யாணப் புடவை விரிந்திருந்தது. கீழே கலீமுல்லாவின் பட்டுப் புடவைக் கடையில் விற்கிற புடவைகளுக்கு முந்தானை நூலைப் பிரித்து முறுக்கிக் குஞ்சம் கட்டுவது அவள்தான்.

"நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"நானா? சும்மாதானே இருக்கேன்டி" என்றாள் ஜஹனாரா, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே.

கேள்வி சரியாக வேலை செய்கிறது என்று ருக்ஸானாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

இந்த ஆய்வுக்குக் காசு கொடுத்த புண்ணியவான் யாரும் இல்லை. ருக்ஸானா ஒரு கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் எடுத்து, அதில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டாள். எழுதி வெளியிடலாமென்றால் நல்ல ஆய்விதழ்கள், இன்னும் நிறையப் பேரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பின. நிறையப் பேரைப் பார்க்க நிதி வேண்டும். நிதி கேட்டால், ஏதாவது வெளியிட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நடுவில் போலி ஆய்விதழ்கள் வேறு. 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, தங்கள் மகத்தான அறிவை எங்கள் மீன் நோய்ச் சிறப்பிதழுக்கு வழங்கி அருளுங்கள்' என்று மெயில் மேல் மெயில்.

"மீனுக்குக் கூட கட்டைவிரல் இருக்குதாக்கா?" என்று ஜோதிகா கேட்பாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் ருக்ஸானா, நல்ல ஆய்விதழ் ஒன்றிடமிருந்தாவது பதில் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பாள்.

அப்போதுதான் நீரோடை அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. சுகாதாரத்தையும் சமூக அறிவியலையும் சேர்த்து ஆராய்கிற இளம் ஆய்வாளர்களுக்கு நிதி. முடிவுகளை அவர்களுடைய ஆய்விதழிலேயே ஒரு பைசா கேட்காமல் வெளியிடுவார்கள். ருக்ஸானா படித்துக்கொண்டே போனாள், முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசி இரண்டு வரியில் வாடிவிட்டது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. முதன்மை ஆய்வாளர் ஒருவர் மட்டுமே.

அவளுக்கு முப்பத்தைந்து முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. இதை விட்டால் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. அந்தப் பெண்களின் விரல்வலி முழுவதும் பீரோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"உன் பேர்லயே போடுக்கா. உனக்கு இதான் லாஸ்ட் சான்ஸ்" என்றாள் ஜோதிகா.

"உன் காண்ட்ராக்ட் வேலையே இந்த மார்ச்சோட முடியுது. உனக்குத்தான் இது வேணும்."

"எனக்கு வயசு இருக்குது."

"ஜோதி, நீ போடு."

"நீ போடுக்கா."

டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. ஒருவழியாக, வாதம் ஓயட்டும் என்று, தன் பெயரிலேயே அனுப்பிவிடுவதாக ருக்ஸானா ஒப்புக்கொண்டாள்.

அனுப்புகிற அன்று அவள் தன் பெயரைத் தட்டச்சு செய்தும் பார்த்தாள். முதன்மை ஆய்வாளர்: முனைவர் ருக்ஸானா. ஆகா, எவ்வளவு அழகாக இருந்தது! அதைப் பார்த்து இத்தனை ஆசை வருகிறதே என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஜோதிகா இல்லாமல் இந்த ஆய்வு ஏது? யாருக்கோ ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் நாலைந்து பெண்களுக்கு ஒரே இடத்தில் விரல் வீங்கியிருப்பதைக் கண்டு, "அக்கா, இங்க என்னமோ இருக்குது, வந்து பாரு" என்று போன் போட்டவள் அவள்தானே. ருக்ஸானா தன் பெயரை அழித்தாள். ஜோதிகாவின் பெயரைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து அறக்கட்டளையிலிருந்து மெயில் வந்தது. எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் முதன்மை ஆய்வாளர் ஜோதிகா, மற்றொன்றில் ருக்ஸானா. ஒருவருடைய உழைப்பை மற்றவர் திருடியிருப்பதாகக் கருத வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காணொளியில் இருவரும் விளக்கம் சொல்ல வேண்டும். தவறினால் இருவருமே நீக்கப்படுவார்கள்.

ருக்ஸானா உடனே போனை எடுத்தாள்.

"ஜோதி! இன்னாடி பண்ணி வெச்ச?"

"நீ இன்னாக்கா பண்ணி வெச்ச?"



"உன்ன எனக்குத் தெரியாதாக்கா?" என்று ஜோதிகா அழுகிற குரலில் ஆரம்பித்தாள். "எப்படியும் என் பேர மாத்திடுவன்னு தெரியும். அதான் உன் பேர்ல நானும் ஒண்ணு அனுப்பி வெச்சேன். நீ சொன்ன மாதிரியே அனுப்பியிருந்தா, ஒரே பேர்ல ரெண்டு வந்திருக்குதேன்னு ஒண்ணத் தூக்கிப் போடுவாங்க, அவ்ளோதானேன்னு நெனச்சேன்."

ருக்ஸானாவுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் பாழாய்ப்போன சிரிப்புதான் முந்திக்கொண்டது. இப்படி ஒரு கூத்தை உலகத்தில் வேறு எந்த இரண்டு பேராவது செய்வார்களா!

வெள்ளிக்கிழமை இருவரும் மாடி அறையில் ஒரே லேப்டாப் முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜஹனாரா டீ வைக்கிற சாக்கில் வந்தவள், கதவுத் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். லேப்டாப்பில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் இருந்த அகிலா மேடம்தான் தலைவர். நரைத்த கிராப்பு, சிரிப்பே அறியாத முகம்.

"யாருடையதை யார் காப்பி அடிச்சீங்க?" நேராகக் கேட்டார்.

"நான்தான் மேடம். தப்பு என்னுது" என்றாள் ஜோதிகா.

"இல்ல மேடம், தப்பு பண்ணது நான்" என்றாள் ருக்ஸானா.

"இதிலயும் போட்டியா?" என்றார் பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர்.

ருக்ஸானா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். டீ ஆறுகிற கதையைக்கூட வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அகிலா மேடம் அசையவில்லை. விண்ணப்பத்தைப் புரட்டி ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தார்.

"'என்ன வேலை என்று கேட்டால் இந்தப் பெண்கள் வேறொருவர் பெயரைச் சொல்கிறார்கள். தன் வேலையைத் தன்னுடையது என்று சொல்லாதவரை, அந்த வேலை தரும் நோயும் யார் கண்ணிலும் படாது.' அருமையான வரி. இதை எழுதினது யாரு?"

இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. ருக்ஸானாவின் விரல் ஜோதிகாவைக் காட்டியது, ஜோதிகாவின் விரல் ருக்ஸானாவைக் காட்டியது.

அதோடு போயிற்று. கண்ணாடிக்காரர் வெடித்துச் சிரித்தார். அகிலா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அம்மா தாயே, ஊர் ஊரா அலைஞ்சு ஆராய்ச்சி பண்ணீங்களே, முதல்ல உங்க ரெண்டு பேரையும் அதுல சேர்த்திருக்கணும்!"

பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா, தன் வேலையத் தன்னுதுன்னு சொல்லத் தெரியாதவங்ககிட்ட நான் நிதியக் கொடுக்க முடியாது. ருக்ஸானா, அடுத்தவங்க பேர எடுக்காம, நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

"நாங்க வந்து..."

"'நாங்க' வேண்டாம்."

"ஜோதிகாதான் முதல்ல..."

"அவங்கள அப்புறம் கேக்கறேன்."

வகுப்பில் நூறு பேர் முன்னால் பேசுகிறவளுக்கு இந்த ஒரு சொல் வரமாட்டேன் என்றது. மேஜைக்கு அடியில் ஜோதிகா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான்..." என்றாள். "கேள்விகள நான்தான் உருவாக்கினேன். அந்த வரிய நான்தான் எழுதினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. "நல்லாத்தான் எழுதினேன் மேடம்."

சொன்னதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அடுத்து ஜோதிகாவின் முறை. "அந்த வீக்கத்த முதல்ல கண்டுபிடிச்சது நான் மேடம். பரிசோதனை எல்லாமே நான் பண்ணது" என்று அவள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, முன்னால் இருந்த டீயை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டாள். யார் முதலில் குடிப்பது என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். திரும்ப வந்ததும் அகிலா மேடம் சொன்னார்: "ஒருத்தர் பேர் மட்டும்தான்னு போட்டது எங்க தப்பு. அத மாத்தறோம். ரெண்டு பேரும் முதன்மை ஆய்வாளர்கள். நிதி உங்களுக்குத்தான். கட்டுரைய சீக்கிரம் அனுப்புங்க."

லேப்டாப்பை மூடிய அடுத்த நொடி அந்த மாடி கிடுகிடுத்தது. ஜோதிகா "ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். ருக்ஸானா அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல் இருவருமாகக் கட்டிலில் விழுந்தார்கள். பிறகு அப்பாவிடம் சொல்லப் படியிறங்கி ஓடினார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் ஜஹனாரா இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

கீழே கடையில் ஒரு கல்யாண வீட்டார் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் அம்மா ஒரு முந்தானையைக் கையில் ஏந்தி, "ஏன் பாய், இந்தக் குஞ்சம் எவ்ளோ அழகா இருக்குது. யாரு கட்டினது?" என்று கேட்டாள்.

"நம்ம கடையிலயே கட்டறதும்மா" என்றார் கலீமுல்லா, வருஷக்கணக்காக வாயில் ஊறிப்போன பதிலை.

"கடை எங்கங்க கட்டிச்சு?"

எல்லோரும் திரும்பினார்கள். கடைக்குள் ஆள் இருக்கும்போது எட்டிக்கூடப் பார்க்காத ஜஹனாரா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசிப் படியில் நின்றிருந்தாள்.

"நான்தாம்மா கட்டினேன்" என்றாள். "இந்தக் கடையில எல்லாப் புடவைக்கும் நான்தான் கட்டிக்கினு வரேன்."

கலீமுல்லா முந்தானையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் முழுவதும் சிரிப்பாகிவிட்டது. "ஆமாம்மா. இவங்க கட்டினதுதான். அப்ப இங்க சும்மா இருக்கறவன் நான்தான் போல இருக்குது" என்றார். கல்யாண வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மணப்பெண்ணின் அம்மா ஜஹனாராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் ருக்ஸானா பார்த்தாள். அம்மாவின் வலது கட்டைவிரல், அடியில் வீங்கியிருந்தது. பெரியநாயகிக்கு இருந்த அதே இடத்தில். எத்தனை ஊர் சுற்றினாள், எத்தனை பேர் கையைப் பார்த்தாள்! டீ கொடுத்த கையை ஒரு நாள் பார்த்தாளா? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, இது எவ்ளோ நாளா வலிக்குது?" என்று கேட்டபடியே ஜோதிகா அதற்குள் அந்த விரலை மெல்ல மடக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டி" என்று ஜஹனாரா அவளை அதட்டினாள். மகள் பக்கம் திரும்பினாள். "அழாத. அன்னிக்கு ஒண்ணு கேட்டியே. இப்ப கேளு."

ருக்ஸானா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"குஞ்சம் கட்டறேன்" என்றாள் ஜஹனாரா, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.