வெள்ளிமலை ஏற்றத்தில் நின்ற வண்டி

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அன்சரின் பழைய ஆம்னி வேன் திணறியது. அடுத்த வளைவுக்கு முன்பே ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்காமல் அணைந்துபோனது. அன்சர் ஓரங்கட்டி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் பிச்சைமுத்துவின் உடல் வெள்ளைத் துணியில் கிடந்தது. காய்ச்சலோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவன் அன்று காலையில் இறந்துவிட்டான். பக்கத்தில் அவன் மனைவி நிர்மலா உட்கார்ந்திருந்தாள். கூட வர வேறு யாரும் இல்லை.

"கொஞ்ச நேரம்மா. கிளம்பிடும்," என்றான் அன்சர்.

கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. ஒரு மாதமாக இதே தொல்லைதான். டவுனுக்குள் மளிகை ஏற்றிப் போகும்போது ஒன்றும் தெரியாது. தூரமாகப் போனால் நின்றுவிடும். மெக்கானிக் பொன்னுரங்கத்திடம் விட்டால் ஒழுங்காக ஓடும். பிளக், காயில், கடைசியில் பெட்ரோல் பம்பு வரை மாற்றியாயிற்று. "நிக்கிறப்ப கொண்டாங்க பாய். ஓடறப்ப நான் இன்னாத்த பாக்கறது?" என்றுவிட்டார் அவர்.

இப்போது நின்றிருந்தது. அன்சர் முன்சீட்டைத் தூக்கினான். எஞ்சின் அதற்கு அடியில்தான். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நிர்மலாவைக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னான். பொறி நீலமாக வந்தது. கரண்டில் கோளாறு இல்லை. பிளக்கை மாட்டிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயை உருவி மறுபடி திருப்பச் சொன்னான். ஒரு சொட்டுகூட வரவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது.

"ஓடலன்னா இன்னா ஆவும் பாய்?"

"வேற வண்டிதான் சொல்லணும். இங்க டவரும் இல்ல."

நிர்மலா சாவியிலிருந்து கையை எடுத்தாள். "ஓடலன்னாலும் பரவால்ல," என்றாள்.

அன்சர் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆஸ்பத்திரி வேணாம்னாரு அவரு அண்ணன். வூட்லயே வெச்சி மருந்து குடுக்கலாம்னாரு. அப்டியே நாள் போச்சி. நான்தான் கேக்காம இட்டுக்கினு வந்தேன். இப்ப எந்த மூஞ்சோட போய் எறங்கறது?"

அன்சர் எழுந்து வண்டியின் பின்பக்கம் போனான். கோளாறு ஆரம்பித்த சமயத்தில் என்ன மாறியது என்று யோசித்தபோது, பெட்ரோல் டேங்க் மூடியின் சாவி தொலைந்து புது மூடி வாங்கியது நினைவுக்கு வந்தது. திறந்தான். டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

புது மூடியில் காற்று போகத் துளையே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர முடியாமல், டேங்க் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நின்ற பிறகு மூடியின் இடுக்கு வழியே கொஞ்சம் காற்று உள்ளே கசிந்ததும் மறுபடி ஓடியிருக்கிறது. மூடியைப் போடாமல், டேங்கின் வாயில் ஒரு துணியைத் தளர்வாகச் செருகினான்.

வண்டி அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவு கழியும்போதும் நிர்மலா முந்தானையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது. எஞ்சின் நன்றாக இழுத்தும் அன்சர் மெதுவாகவே ஓட்டினான்.

வெள்ளிமலையைக் கடந்து பிச்சைமுத்துவின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஆண்கள் உடலை இறக்கினார்கள். அவளுக்காக ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அன்சருக்குத் தோன்றியது. பிச்சைமுத்துவின் அண்ணன் அய்யனாரிடம் போனான்.

"ஆஸ்பத்திரில நல்லாதான் பாத்தாங்கண்ணே. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு வண்டில ஏத்தறப்ப டாக்டர் சொல்லிக்கினு இருந்தாரு."

அய்யனார் அவனை வெறித்தார். "அப்ப தம்பிய நாங்கதான் சாவடிச்சோமா?"

"அப்டி சொல்லலண்ணே..."

அய்யனார் அவனை விட்டு நிர்மலாவிடம் திரும்பினார். "வெளியாள இட்டாந்து இத சொல்ல வெக்கிறியா?"

அவள் தலை நிமிரவில்லை. வாசலில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளைக் கட்டிக்கொள்ள ஒரு கையும் நீளவில்லை. அவள் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா," என்றான் அன்சர்.

"நீங்க கிளம்புங்க பாய். இருட்டிடும்."

சொல்லிவிட்டும் அவள் கதவை விடவில்லை. அன்சர் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, அவளாக விடும்வரை காத்திருந்தான்.