மயில்கழுத்து நிறத்தில் ஒரு கை

1983ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல் திருப்பூர் வட்டாரத்தில், ஓர் ஆணை நேசித்த ஆண் தொட்ட இடத்திலும், ஒரு பெண்ணை நேசித்த பெண் தொட்ட இடத்திலும் நிறம் பிடித்தது. முதலில் பிடித்தது ராயபுரத்தில் வாடகைக்குக் குடியிருந்த வீரணனின் இடது தோளில். உள்ளங்கையும் ஐந்து விரல்களும் பிசிறில்லாமல் மயில்கழுத்து நிறத்தில் பதிந்திருந்தன. அந்த வாரம் பனியன் நூல் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறியிருந்ததால் ஊர் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

வீரணன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். நொய்யல் கரையில் ஆறுமுகசாமி என்பவரின் சாயப்பட்டறையில் வின்ச் ஓட்டினான். வின்ச் என்பது தொட்டிக்கு மேலே சுழலும் ஒரு பெரிய உருளை. துணியைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி, மேலே இழுத்து, மறுபடி முக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவன் ஆவியில் வெந்துபோவான் என்பதால் வின்ச்சுக்காரர்கள் சட்டை போடுவதில்லை. அதனால்தான் அவன் தோள் எல்லோர் கண்ணிலும் பட்டது. அந்தக் கை யாருடையது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் வீரணன். இன்னொருவர் அதே பட்டறையின் சாய மாஸ்டர் நஞ்சப்பன். சாமளாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், வீரணனைவிட ஐந்து வயது மூத்தவர். அவருடைய நெஞ்சின் நடுவில் வீரணனின் கை அதே நிறத்தில் இருந்தது. ஒரு ஜோடிக்கு ஒரு நிறம் என்பதும், அது இருவரிலும் இம்மியும் மாறாது என்பதும் பின்னால் எல்லோருக்கும் தெரியவந்த விஷயங்கள். அந்த ஆடியிலிருந்து நஞ்சப்பன் ஆவியிலும் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு நின்றார். மாஸ்டருக்குச் சளி என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சளி பதின்மூன்று வருடம் நீடித்தது.

சாயம் எப்படிப் பிடிக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் கரைந்த சாயம் தானாகத் துணிக்குள் போகாது. உப்புப் போட்டால்தான் தண்ணீரை விட்டு நூலிடம் போகும். போனது அங்கேயே நிற்கச் சலவைச் சோடா வேண்டும். பிறகு கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசுவார்கள். ஒட்டாமல் சும்மா படிந்திருந்தது எல்லாம் அதில் போய்விடும், மீதி இருப்பதுதான் நிறம். நஞ்சப்பன் இதைத் தன் நெஞ்சை வைத்து நிறைய யோசித்தார். வியர்வையில் உப்பு இருக்கிறது, அது சரி. சோடா எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

1985இல் அவருக்கும் மயிலாத்தாளுக்கும் கல்யாணம் நடந்தது. மூன்றாம் நாள் எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த மயிலாத்தாள் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது யாரு கைங்க?" என்றாள். "பட்டறைச் சாயம்" என்றார். அவள் அரப்புப் பொடி போட்டுத் தேய்த்தாள், பிறகு சோப்புப் போட்டாள், பிறகு தன் கையை அதன்மேல் விரித்து வைத்துப் பார்த்தாள். அவள் விரல்கள் அரை அங்குலம் குட்டையாக இருந்தன. தண்ணீர் ஆறிப்போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுச் செம்பை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டுகளில் நிறம் பரவலாகத் தெரிய ஆரம்பித்தது. ஓவர்லாக் டெய்லர் ஒருவரின் பிடரியில் எலுமிச்சை மஞ்சள். பனியன் கம்பெனியின் செக்கிங் செக்ஷனில் வேலை பார்த்த சின்னத்தாயின் முழங்கையில் ரோஸ். பம்பாய்க் கெமிக்கல் கம்பெனி ஆள் ஒருவர் வெள்ளைத் துணியால் நாலு பேரைத் தேய்த்துப் பார்த்து, இப்படித் துளியும் துணியில் இறங்காத சாயத்தைத் தான் பார்த்ததில்லை என்று பொறாமையோடு ஊர் திரும்பினார். வீட்டுக்காரர்கள் அறை கேட்டு வந்தவர்களின் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார்கள். டீக்கடைகளில் ஏற்கெனவே சிலருக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளர்களுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு டம்ளர் சேர்ந்தது. போலீஸுக்கு வேலை மிச்சம்: நூறு வருடத்துக்கு மேல் பழைய சட்டப்பிரிவு ஒன்று தயாராக இருந்தது, சாட்சி உடம்பிலேயே இருந்தது. பிடித்துக்கொண்டு போனார்கள், அடித்தார்கள், காசு வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

வீரணன் மட்டும் சட்டை போட மறுத்தான். 1989 மாசியில், துணி பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் அவன் தோளைப் பார்த்து ஏதோ கேட்க, மறுநாளே ஆறுமுகசாமி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். காரணம் சொல்லாமல் நிறுத்தியதால் தொழிற்சங்கம் தலையிட வேண்டியதாயிற்று. சங்கச் செயலாளர் ராமரும் தெற்கத்திக்காரர்தான், நல்லவர், ஆனால் சங்கத்தின் பெயரை நினைத்துப் பயந்தார். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தோளில் இருப்பது பட்டறைச் சாயம் என்றால் அது வேலையில் பட்ட கறை. கறைக்காக ஒருவனை நிறுத்த முடியாது. அதைச் சொல்லத் தகுதி உள்ளவர் சாய மாஸ்டர். நஞ்சப்பன் பார்த்துச் சொல்கிற நிறத்தை, பட்டறைப் பேச்சில் ஷேட்டை, இந்த ஊரில் யாரும் மறுத்ததில்லை.

பேச்சுவார்த்தை நாளன்று காலை வீரணன் டீக்கடையில் நஞ்சப்பனைப் பிடித்தான். தனி டம்ளரை ஆட்டிக்காட்டி, "பாத்தீகளாண்ணே, நம்மளுக்குன்னே தனியாக் கழுவி வைக்கிறாக, என்னா மரியாத!" என்று சிரித்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "வேல போனாப் போகுதுண்ணே. நீங்க சட்டையக் கழட்டணும்னும் சொல்லல. இது சாயம் இல்லன்னு மட்டும் சொல்லிப்புடுங்க. நெறம் தெரிஞ்ச ஒரு மனுசன் வாயால ஒரு தடவ அது வந்துட்டாப் போதும்."

"சொன்னா அப்பறம் உன்னைய இந்த ஊர்ல எவனும் வேலைக்குச் சேத்த மாட்டான், வீரணா."

"அது எங் கவல."

"எனக்கும் கவலதான்" என்றார் நஞ்சப்பன். அது உண்மை.

பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் வடக்கு ஜன்னலோரம் வீரணனை நிற்கவைத்தார்கள். நஞ்சப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தோளில் பதிந்திருந்த தன் கையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஆறுமுகசாமி, "அட என்னுங்க மாஸ்டர், கண்டு புடிக்கறதுக்கு இத்தன நேரமா? பத்து ஷேட் பாத்திருக்கலாமுங்க" என்று கேலி செய்தார். நஞ்சப்பன் நிமிர்ந்து, "பட்டறைச் சாயந்தானுங்க. வின்ச்சுல பட்டிருக்குது. மூணு சோப்புல போயிருமுங்க" என்றார். அறை முழுக்க மூச்சு விட்டது. ராமர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார். வீரணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

ஆனால் எழுதியது எழுதியதுதான். மூன்று சோப்பில் போகும் என்றால் போக்கிக் காட்டட்டும் என்றார் ஆறுமுகசாமி. நஞ்சப்பனே செய்ய வேண்டியிருந்தது. மூன்று முறை வெந்நீரில் சோப்புப் போட்டார். போகவில்லை. சுற்றி நின்றவர்கள் கேட்டதால், பிடித்த சாயத்தை உரிக்கும் ஹைட்ரோஸைக் கரைத்து ஊற்றினார். தோல் உரிந்தது, உரிந்த இடத்தில் அடியிலிருந்த புதுத் தோலிலும் அதே கை, அதே நிறத்தில் இருந்தது. முடிந்ததும் வீரணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "மாஸ்டர், நீங்க தப்பாச் சொன்ன ஷேட் இது ஒண்ணுதேன்" என்றான். அதுவரை அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டிருந்தான். அன்று மாலை பஸ் ஏறிச் சோமனூருக்குப் போய்விட்டான்.

நஞ்சப்பன் நினைத்தது ஒரு பொய்யால் ஓர் ஆளைக் காப்பாற்றலாம் என்று. சாயத் தொழிலில் மாஸ்டர் ஒருமுறை சொன்ன முறையைத்தான் பிறகு எல்லோரும் பின்பற்றுவார்கள் என்பதை அவர் மறந்துபோனார். போகும் என்று மாஸ்டரே சொல்லிவிட்டாரே என்று, அந்த வருடம் வைகாசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பன்மார் மகன்களையும் மாமியார்கள் மருமகள்களையும் பட்டறைக்குக் கூட்டி வந்தார்கள். ஆறுமுகசாமி அதற்கென்று ஒரு தொட்டியே ஒதுக்கினார். நஞ்சப்பன் தண்ணீரை முடிந்தவரை ஆறவைத்து, சோப்பை மட்டும் போட்டு, ஹைட்ரோஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார். ஏழு வருடம் இப்படி நடந்தது. ஒருவருக்கும் போகவில்லை. வீட்டில் தாங்களாகவே பிளீச்சிங் பவுடர் வாங்கித் தேய்த்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அந்த இருவரின் பெயரும் நஞ்சப்பனுக்குத் தெரியும்.

இதற்கிடையில் சோமனூரில், தறிக்கூடத்துக்கு மேலே ஒரு அறையில், வீரணன் ஞாயிறுதோறும் நிறம் பிடித்தவர்களைக் கூட்டி உட்காரவைத்தான். முதலில் நாலு பேர், பிறகு முப்பது. 1994இல் டெல்லியில் அந்தப் பழைய சட்டப்பிரிவை எதிர்த்து யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தியைச் சின்னத்தாய் அங்கே உரக்க வாசித்தாள். அடுத்த வருடம் மே தின ஊர்வலத்தில் இடம் கேட்டு ராமரிடம் போனார்கள். ராமர் நாலு நாள் யோசித்து, கடைசி வரிசை என்றால் சரி என்றார். நாற்பத்தொரு பேர் கையில்லாத பனியன் போட்டு நடந்தார்கள். இரண்டு இடத்தில் கல் விழுந்தது. ஒரு இடத்தில், யாரும் எதிர்பார்க்காதபடி, கடைக்காரர் ஒருவர் மோர் கொடுத்தார், எல்லோருக்கும் ஒரே டம்ளரில். நஞ்சப்பன் பொத்தான் போட்ட சட்டையோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். அன்று அவர் பார்த்த மூன்று ஷேட் மாதிரித் துணியோடு ஒத்துவராமல் தள்ளிப்போயின.

1996 ஆவணியில் சாமளாபுரத்திலிருந்து வெள்ளையன் என்பவர் தன் மகனைக் கூட்டி வந்தார். கழுத்தில் ஊதா. "சாமி, நீங்க சொன்னாப் போயிருமுன்னு சொல்றாங்க. இந்த ஐப்பசில பையனுக்குக் கண்ணாலமுங்க" என்று கும்பிட்டார். நஞ்சப்பன் தொட்டியை நிரப்பினார், சோப்பைக் கரைத்தார், பிறகு நிறுத்தினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பதிமூணு வருஷமா நானே தேச்சுப் பாத்துட்டனுங்க. போகாதுங்க. இது சாயம் இல்லீங்க" என்றார். வின்ச்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. மயில்கழுத்து நிறத்தை அந்தப் பட்டறையில் மறந்தவர்கள் யாரும் இல்லை. வெள்ளையன் அந்த நெஞ்சைப் பார்த்துவிட்டு மகனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். ஐப்பசியில் கல்யாணம் நடக்கவில்லை என்று பிறகு செய்தி வந்தது. ஆறுமுகசாமி இரண்டு நாள் கோபமாக இருந்தார். மூன்றாம் நாள் ஷேட் பார்க்க வேறு ஆள் கிடைக்காததால் விட்டுவிட்டார். சட்டையைக் கழற்றிய அன்றே நஞ்சப்பன் மயிலாத்தாளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள், "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நானும் ஒரு வழி பாத்திருப்பனுங்க" என்று சொல்லிச் சோறு போட்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் சோமனூர் போனார். அறையில் சின்னத்தாய் இருந்தாள். வீரணன் தை மாதமே காய்ச்சலில் இறந்துவிட்டான் என்றாள். அந்த நாட்களில் அப்படிப் பலர் போனார்கள். "குளிப்பாட்டுறப்பக்கூட நெறம் அப்படியேதான் இருந்துச்சுய்யா. யாரு கைன்னு நாங்க எத்தன வருசமாக் கேட்டோம், வாயத் தொறக்கலையே. பட்டறைச் சாயம் பட்டுருச்சுன்னு சொல்லிச் சிரிப்பாரு" என்றாள்.

டெல்லி வழக்கு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஊரில் காலரை விலக்கிப் பார்க்கிற வழக்கம் மெல்ல நின்றது. அறை வாடகை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறியது. 1999இல் தொழிலாளர் அட்டை புதுப்பித்தபோது, அங்க அடையாளம் என்ற கட்டத்தில் மச்சத்தையும் தழும்பையும் எழுதுவது போலக் குமாஸ்தாக்கள் கைகளையும் எழுதிக்கொண்டு போனார்கள். நஞ்சப்பன் முறை வந்தபோது சட்டையை விலக்கிக் காட்டினார். குமாஸ்தா தலை நிமிராமல், "நெஞ்சில் வலது கை, மயில்கழுத்து" என்று எழுதினார்.

"யாரு கைன்னு எழுதோணுமுங்களா?" என்று கேட்டார் நஞ்சப்பன். "பேரு சொல்றனுங்க."

"அதுக்கு எடம் இல்லீங்க" என்ற குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.