கொடி பிடித்த மூன்று ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் தனலெட்சுமி அரிசிச் சேமியாவான மீஹூனைப் பிரட்டி, பெரிய டப்பாவில் அடைத்து, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துவிடுவாள். பின்னால் மகன் ஜீவன் ஏறிக்கொள்வான். அவனுக்குப் பதினொரு வயது. மாசாயில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து அவன் ஆடும் கால்பந்துத் திடலுக்கு ஐந்து நிமிடம்தான். வாரம் முழுக்க அந்த ஐந்து நிமிடத்துக்காகவே காத்திருக்கிறாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

திங்கள் முதல் சனிவரை பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காதில் பஞ்சை அடைத்து, முகமூடி மாட்டி, எட்டு மணி நேரம் நின்றபடி பாட்டில் மூடிகளைச் சரிபார்க்க வேண்டும். பேசினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. வீட்டுக்கு வந்தால் மகன் கைப்பேசியும் கையுமாக இருப்பான். அவன் அப்பா சிங்கப்பூரில் வேலை என்று போனவர். முதலில் வாரா வாரம் வந்தார், அப்புறம் மாதம் ஒருமுறை. இந்தத் தீபாவளிக்காவது வருவாரா என்று கேட்பதைக்கூட அவள் விட்டுவிட்டாள்.

திடலில்தான் அவளுக்குக் குரல் இருந்தது.

"டேய் ஏழாம் நம்பர், பந்தக் கண்டா பயமா? கட்டிப் புடிச்சுக் கொஞ்சத்தான் வந்தியா?"

மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். கஸ்தூரி தொடையைத் தட்டுவாள். அவள் மகனும் ஜீவனோடு ஆடுகிறவன்தான்.

"தனாக்கா, நீங்க வரலன்னா இந்த ஆட்டம் கருமாதி வீடு மாதிரி இருக்கும்கா. நிறுத்திடாதீங்க லா."

நிறுத்துவதாவது. வாரத்தில் ஒருநாள், நான்கு பேர் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தனலெட்சுமி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நிற்பாள்.

அப்படி எழுந்து நின்ற ஒரு ஞாயிறுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அன்றைக்கு நடுவர் சபாபதி. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபதை நெருங்கிய மனிதர். பெட்ரோல் செலவுக்கு மட்டும் ஏதோ கொடுப்பார்கள், அதற்கு வெயிலில் ஓடுவார். ஜீவன் கால் இன்னொரு பையன் காலில் சிக்கியது. அவர் விசில் அடித்து, எதிரணிக்குப் பெனால்டி என்று கை காட்டினார்.

"யோவ் ரெஃப்ரி, கண்ண வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று தொடங்கினாள் தனலெட்சுமி. பின்னால் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அவளைப் பிடித்துத் தள்ளியது. "வீட்ல ஏன்னு கேக்க நாதி இல்லாததெல்லாம் இங்க வந்து பிள்ளைங்ககிட்ட பெரிய மனுசனாவுது."

சபாபதி திரும்பிப் பார்த்தார். பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தார். ஆட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மரத்தடியில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து கஸ்தூரி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அவரு சம்சாரம் தவறி நாலு மாசம்தான் ஆவுது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்லுவனா? நீ அப்பவே கையப் புடிச்சு இழுத்திருக்கலாம்ல?"

"நீங்க எங்க நிறுத்துனீங்க?" என்றாள் கஸ்தூரி. இத்தனை நாள் தொடையைத் தட்டிச் சிரித்தவள் தானேதான் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்குப் போன பிறகும் ஜீவன் காலணியைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அடுத்த வாரம் நீங்க வர வேணாம்மா. நான் எங்க டீம் தீபனோட அப்பா காடியில ஏறிப் போயிக்கிறேன்."

"உனக்காகத்தானடா கத்துனேன்?"

"எனக்காக இல்லம்மா. நீங்க கத்துனா எனக்குக் கால் வர மாட்டேங்குது. நீங்க வந்தா நான் ஆட்டத்தையே விட்டுடுறேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அணைத்துச் சமாதானம் செய்திருப்பாள். அவன் பெரிய ஆள்போல, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். அந்த ஞாயிறுகூடப் போய்விட்டால் அவளுக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது?

மறுவாரம் ஆட்டமே நடக்கவில்லை. லீக்கை நடத்தும் ராஜசேகரன் போன் செய்தார்.

"சபாபதி அண்ணன் வரலைன்னுட்டாரு. வேற ரெஃப்ரிங்களக் கேட்டா, மாசாய் டீமா, அந்தம்மா இருக்குமான்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"என் பேரு அவ்வளவு தூரம் போயிடுச்சா சார்?"

"ஸ்கூடாய் வரைக்கும் போயிடுச்சு. கேளுங்க. ஒண்ணு, இந்த சீசன் முடியிற வரைக்கும் நீங்க திடல் பக்கம் வரக்கூடாது. இல்லன்னா மூணு வாரம் கோட்டோரமா நின்னு, பந்து வெளிய போனா காட்டக் கொடி பிடிங்க. ஒவ்வொரு டீமும் ஒரு ஆளக் கொடுக்கணும், உங்க டீம்ல யாரும் வர்றதில்ல. ஆனா கொடி பிடிக்கிறவங்க வாயத் திறக்கக் கூடாது."

அவள் போனைக் கையில் பிடித்தபடியே மகன் அறைக்குப் போனாள்.

"கொடி பிடிக்கச் சொல்றாங்கடா. வரட்டுமா?"

"பேச மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஒரு வார்த்தகூட?"

"ஒரு வார்த்த வந்தா, அதுக்கப்புறம் நான் வரவே மாட்டேன். போதுமா?"

ஜீவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். "மூணு வாரம் பாக்கலாம்," என்றான்.

முதல் ஞாயிறு. அன்றைக்கு வேறொரு நடுவர் வந்திருந்தார். பெற்றோர்கள் மரத்தடியில். கொடி பிடிப்பவள் எதிர்ப்பக்கம். அங்கே நிழல் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சாக்கடை, அதற்கப்பால் புகைபோக்கிகள். அங்கிருந்து பார்த்தபோது மரத்தடியில் இருப்பவர்களின் வாய்கள்தான் தெரிந்தன. திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. எந்தச் சொல்லும் சொல்லாக வந்து சேரவில்லை. தொழிற்சாலை இரைச்சல் மாதிரி ஒரே இரைச்சல். அந்த இரைச்சல் எழும் ஒவ்வொரு முறையும் ஜீவனின் தோள்கள் காதுவரை ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். இரண்டு வருடமாக இந்தத் தோள்கள் இப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தனவா?

பக்கத்தில் ஓடும் பிள்ளைகளின் மூச்சு கேட்டது. ஒருவனை இடித்துத் தள்ளிய பையன் "சாரி டா" என்றான். விழுந்தவன் "பரவால்ல லா" என்று அவன் கையைப் பிடித்து எழுந்தான். அவள் கேலி செய்த அதே ஏழாம் நம்பர்தான் அந்தக் கை கொடுத்தவன். மரத்தடியில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

இடைவேளையில் அவள் கொண்டுவந்த மீஹூன் அந்தப் பக்கம் தட்டுகளில் ஏறியது. கஸ்தூரி தூரத்திலிருந்து கையசைத்தாள். கடந்து வரவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொண்டுவரவும் யாருக்கும் தோன்றவில்லை. தனலெட்சுமி கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெயிலில் நின்றாள். சபாபதியும் இத்தனை வருடம் இடைவேளைகளில் இப்படித்தான் நடுத்திடலில் தனியாக நின்றிருப்பார். அவருக்கு ஒரு தட்டு கொடுக்க வேண்டும் என்று அவளுக்கும்தான் ஒருநாளும் தோன்றியதில்லை.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே கழிந்தது. வாய் திறக்கவில்லை. நாக்கை மட்டும் இரண்டு தடவை கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு சபாபதி வந்திருந்தார். வேறு ஆள் கிடைக்காமல் ராஜசேகரன் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறார். அன்று ஜெயித்தால் அரையிறுதி. சபாபதி அவளிடம் வந்து கொடியை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பந்து முழுசாக் கோட்டத் தாண்டுனாத்தான் தூக்கணும். கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ஆட்டம் ஓடும்."

"அண்ணே, அன்னிக்கு…"

"ஆட்டம் முடியட்டும்மா," என்று சொல்லிவிட்டு நடுத்திடலுக்குப் போனார்.

ஒன்றுக்கு ஒன்று. இரண்டு நிமிடம்தான் பாக்கி. ஜீவன் பந்தோடு அவள் நின்ற கோட்டோரமாகவே ஓடிவந்தான். அவன் வியர்வை மணம்கூட அவளுக்குத் தெரிந்தது. பந்து கோட்டுக்கு உருண்டது, அவன் பாய்ந்து உள்ளே உதைத்தான், தீபன் அதை வலைக்குள் தள்ளினான். மரத்தடியில் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள்.

தனலெட்சுமியின் கை மேலே இருந்தது. கையில் கொடி இருந்தது. பந்து தாண்டிவிட்டதாகத்தான் அவள் கண் சொன்னது. எந்த அம்மாவின் கையும் அந்த நேரத்தில் தூக்க விரும்பாத கொடி. ஆனாலும் தூக்கிவிட்டாள்.

சபாபதி விசில் ஊதினார். கோல் இல்லை.

"தனாக்கா, பெத்த பிள்ளைக்கே குழி தோண்டுறீங்களா?" இந்த முறை மரத்தடியின் சொற்கள் தெளிவாகவே வந்து விழுந்தன.

ஜீவன் அம்மாவைப் பார்த்தான். இரண்டு கையையும் பாதிவரை தூக்கினான். பிறகு கீழே போட்டுவிட்டு, பந்தை எடுத்துவந்து எதிரணிப் பையன் கையில் கொடுத்தான்.

ஆட்டம் சமம். அரையிறுதி போயிற்று. சீசனில் மிச்சமிருந்தவை பேருக்கான ஆட்டங்கள்தான்.

கஸ்தூரி இப்போதுதான் திடலைக் கடந்து வந்தாள், கைப்பேசியில் எடுத்த வீடியோவோடு. நிறுத்திக் காட்டினாள். பந்து கோட்டுமேல்தான் இருந்தது. ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். தனலெட்சுமி கொடியைச் சுருட்டிக்கொண்டாள். யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் வண்டிப் பக்கத்தில் தனியாகக் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் தப்பாத் தூக்கிட்டேன்."

"எனக்கும் கோட்டு மேல இருந்த மாதிரிதான் தெரிஞ்சிச்சு."

"அப்புறம் ஏண்ணே விசில் ஊதுனீங்க?"

"நான் எங்கயோ நின்னேன், நீங்க பக்கத்துல நின்னீங்க. உங்க பையன் ஆடுற டீமு. பொய்யாத் தூக்க உங்களுக்கு என்ன அவசியம்? நம்புனேன்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அன்னிக்கு நான் பேசுனது பேச்சே இல்லண்ணே. மன்னிச்சிடுங்க."

சபாபதி கயிற்றை மடித்துக் காலணிக்குள் வைத்தார். "நீங்க சொன்னது நெசந்தான். கேக்க ஆளில்ல. அவ இருந்தப்ப வீட்டுக்குள்ள நுழையும்போதே, யாரு ஜெயிச்சான்னு ஆரம்பிப்பா. அவளுக்குப் பந்தப் பத்தி ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் கேப்பா. இப்ப நுழைஞ்சா ஃபேன் சத்தம்தான். அதான் இங்க ஓடி வந்துடுறேன்."

"நானும் அதுக்குத்தாண்ணே வர்றேன்," என்றாள் தனலெட்சுமி. யாரிடமும் சொல்லாத ஒன்றை, திட்டித் தீர்த்த மனிதரிடம் சொல்லியிருந்தாள்.

அதற்குள் தீபனின் அப்பா காளியப்பன் நான்கைந்து பேரோடு வந்து சேர்ந்தார். "யோவ், அந்தம்மாதான் கொடி தெரியாமத் தூக்குது. உனக்கெங்கய்யா போச்சு புத்தி?"

தனலெட்சுமி நடுவில் வந்து நின்றாள்.

"காளியப்பண்ணே, தப்பு என்னுது. என்னத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. தப்பு பண்றவங்களத் திட்ட அந்த மரத்தடியில இருபது பேரு இருக்கோம். பிள்ளைங்களுக்காக வெயில்ல நின்னு தப்புப் பண்ணக்கூடத் துணிஞ்சு வர்றவரு இவரு ஒருத்தர்தான். இவரயும் விரட்டிட்டா ஜெயிக்கவும் ஆட்டம் இல்ல, தோக்கவும் ஆட்டம் இல்ல. பிள்ளைங்க ஆட்டத்துல பெரியவங்களுக்கு இருக்குறது ஒரே வேலதான். ரெண்டு பக்கத்துக்கும் கை தட்டிட்டு சும்மா இருக்குறது."

"இந்தம்மாதானே இத்தனை நாள் கத்துனது," என்று யாரோ முணுமுணுத்தார்கள். உண்மைதான், அவள் மறுக்கவில்லை. நாற்காலிகள் மடிந்தன. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கஸ்தூரியும் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

ஜீவன் மட்டும் வந்தான். எதுவரை கேட்டானோ தெரியவில்லை. சபாபதியிடம் கை நீட்டி, "தேங்க்ஸ் அங்கிள்," என்றான். அவர் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறினார்.

"மூணு வாரம் முடிஞ்சிடுச்சுடா," என்றாள் தனலெட்சுமி. "இனி?"

"அடுத்த வாரமும் நீங்களே பிடிங்கம்மா."

"மறுபடி தப்பாத் தூக்கிட்டா?"

ஜீவன் காலணியில் ஒட்டிய சேற்றைத் தரையில் தேய்த்தான்.

"தூக்குங்க. நாங்க இன்னொரு கோல் அடிச்சிக்கிறோம். நீங்கள்லாம் கத்தும்போதுதாம்மா எங்களால ஒண்ணுமே பண்ண முடியல."