கால் கழுவிய தண்ணீர்

"நான் சொல்றத முழுசா கேளுடி—"

"கேட்டாச்சி, போதும்! ஜப்பான், ஜப்பான்! அவன் குண்டு போட வரான்னுதான் பட்டணத்து ஜனம் ஓடியாந்து இங்க சத்திரத்துல படுத்துக் கெடக்குது."

"அது இப்ப. நான் சொல்றது முந்நூறு வருசத்துக்கு முந்தி."

சிங்காரம் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். தறியில் நெய்யப் பாவு நூல் இல்லை. போன வருஷம் அரக்கோணத்தில் ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து சாதியில் அவனைத் தள்ளி வைத்திருந்தார்கள். யுத்தகாலம், நூல் வருவதே கொஞ்சம். அதைப் பங்கு வைப்பவர் நாட்டாண்மை ஜம்புலிங்கம். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி மொட்டை போட்டு, கழுத்துச் சிலுவையைச் சரவணப் பொய்கையில் எறிந்துவிட்டு வந்தால் நூல் உண்டு என்று சொல்லியனுப்பியிருந்தார். விடிந்தால் கிருத்திகை.

கன்னியம்மாள் ஞானஸ்நானம் வாங்கவில்லை. புருஷன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். தூளியில் கிடந்த பிள்ளைக்குப் பால் வற்றிப்போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வெள்ளைக்காரச் சாமியாருங்க நம்ம கடற்கரையிலேருந்து கப்பலேறி ஜப்பானுக்குப் போயி வேதம் சொன்னாங்க. ஊரு ஊரா ஜனம் சேர்ந்துச்சி. அந்த ஊரு ராசாங்களுக்குப் பொறுக்கல. சேசு படத்தத் தரையில வெச்சி, மிதின்னாங்களாம். மிதிச்சா உசுரு, இல்லாட்டி நெருப்பு. அரக்கோணத்துக் கோயில் உபதேசியார் இதச் சொல்லிட்டு அழுதாரு."

"எத்தினி பேரு மிதிச்சாங்க?"

"நெறய பேரு."

"ஆங்! அவங்கல்லாம் புள்ளகுட்டிக்காரங்களா இருப்பாங்க. நீ பொழுதுக்கும் தறியில மிதிக்கட்டைய மிதிச்சிகினு இருந்தவந்தானே? இன்னொரு மிதி மிதிச்சா காலு ஒடைஞ்சிடுமா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"மிதிச்சவங்க ஊட்டுக்குப் போயி கால கழுவி, அந்தத் தண்ணியவே குடிச்சாங்களாம். மன்னிச்சிடு சாமின்னு."

"நீயும் குடி. யாரு வேணான்னா? மசுருதானே, மொளைக்கும். போய்யா!"

போனான். மலையிலிருந்து அரோகரா சத்தம் நாளெல்லாம் தெருவரை கேட்டுக்கொண்டிருந்தது. பொழுது சாய, மொட்டைத்தலையில் சந்தனத்தோடு வந்து நின்றான். கழுத்தில் சிலுவைக் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. பின்னாலேயே நாட்டாண்மை வீட்டு ஆள் நூலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். "இனிமே நம்ம ஆளுதான்!" என்று சிங்காரத்தின் முதுகில் தட்டினான்.

மறுநாள், தள்ளி வைத்த தெருவே கூடி நின்று பாவு போட்டுக் கொடுத்தது. சிங்காரம் குழியில் இறங்கி உட்கார்ந்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். பிள்ளையைக் கொடுத்தால் வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்தான். மிதிக்கட்டை மேல் மட்டும் கால் போகவில்லை. காலையில் இறங்குவான், இருட்டினால் ஏறுவான். பாவில் ஒரு இழைகூட ஓடவில்லை. நாட்டாண்மை வீட்டிலிருந்து துணி கேட்டு ஆள் வந்துபோனான்.

அன்று கன்னியம்மாள் சொம்பும் தாம்பாளமுமாகக் குழியோரம் வந்து உட்கார்ந்தாள்.

"கால இப்படி நீட்டுய்யா, கழுவி உடறேன். அந்தத் தண்ணிய நீ குடிக்க வேணாம். அனுப்பனது நான்தானே, நானே குடிச்சிடறேன்… ஏதாச்சும் சொல்லுய்யா."