பிளாஸ்க் பூதம்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டேன், அவர் கையைப் பார்ப்பேன். தையல்காரர் மிச்சத் துணியைத் தராவிட்டால் அவர் மகள் போட்டிருக்கும் சட்டையை உற்றுப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் ரசீத் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வீடியோ காலில் அவர் முகத்துக்குப் பின்னால் தெரியும் சுவரைத்தான் முதலில் கவனிப்பேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மேலப்பாளையத்தில் ஆம்பிளை இல்லாத வீட்டை நடத்துகிறவள் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

இந்த நோன்பின் ஐந்தாம் நாள் அந்தப் பூதம் வந்தது. நேரில் அல்ல, போனில். பூப்போட்ட பிளாஸ்க் ஒன்று. அதற்குத் தீக்கோழிக் கால்கள், வயிற்றில் இரண்டு கண்கள், தலையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர். ஆவி பறக்க ஒரு சந்துக்குள் ஓடி வந்து, ஒரு வாசலில் நின்று, "எந்திரிங்கோ, சஹர் நேரமாயிட்டு" என்று மூன்று தரம் கூப்பிடும். அப்போதும் எழும்பாவிட்டால் முதலில் கதவைத் தின்னும், பிறகு சோற்றுப் பானையை, கடைசியில் ஆளை. இந்தக் கதைக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. ஆனால் மூன்றே நாளில் லட்சக்கணக்கான பேர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குரல் எங்கள் சஹர் பாவாவின் குரல்.

காஜா முகைதீன் பாவாவுக்கு அறுபது வயது இருக்கும். நோன்பு மாதம் முழுக்க விடியுமுன் கருக்கலில் எட்டுத் தெருவையும் சுற்றி வருவார். கையில் தாயிரா. சலங்கை கோத்த வட்டமான தோல் கொட்டு அது. அதைத் தட்டிக்கொண்டே வீடு வீடாகக் கூப்பிட்டு, நோன்பு தொடங்குமுன் சஹர் சாப்பிட எழுப்பிவிடுவார். அவருடைய வாப்பாவும், வாப்பாவின் வாப்பாவும் இதே தெருக்களில் எழுப்பியவர்கள்தான். பெருநாள் காலையில் ஒவ்வொரு வாசலிலும் வந்து சலாம் சொல்லி நிற்பார். அரிசியும் வேட்டியும் கொடுத்து அனுப்புவோம். மீதிப் பதினோரு மாதம் அவர் என்ன செய்கிறார் என்று நான் விசாரித்ததில்லை. ஊரில் நான் விசாரிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

பூதம் வந்த பிறகு பிள்ளைகள் அவர் சத்தம் கேட்டாலே அலறினார்கள். ஆறு வயதான என் மகள் நஸீஹா காய்ச்சலில் விழுந்தாள். மூன்றாம் தரம் கூப்பிடுமுன் விளக்கைப் போடு என்று என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் செய்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

முதலில் முக்குக்கடை ஹெப்ரான் மேல் சந்தேகப்பட்டேன். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற பையன். ஆனால் அவன் பாளையங்கோட்டையிலிருந்து காலை பத்து மணிக்குத்தான் வந்து கடை திறக்கிறான். பாவா குரலை அவன் கேட்டிருக்கவே வழியில்லை. அடுத்து எதிர்வீட்டு மைதீன் பாத்திமா லாத்தாவின் மகன். அவன் போனை வாங்கி ஒரு மணி நேரம் குடைந்தேன். வேறு பல விஷயங்கள் கிடைத்தன, இது கிடைக்கவில்லை.

பிறகு அந்த வீடியோவைக் காதோடு வைத்து இருபது தரம் கேட்டேன். குரல் தெளிவாக இருந்தது. தாயிரா சத்தம் ஒரு துளி இல்லை. எனக்குப் பளிச்சென்று பட்டது. தெருவில் வைத்துப் பிடித்திருந்தால் தாயிரா கேட்காமல் இருக்குமா? ஆக, யாரோ கூலி கொடுத்து உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள். பாவாவே குரலை விற்றிருக்கிறார்.

இதை ஜமாத் செயலாளரின் பலசரக்குக் கடையில் நின்று, நாலு பேர் காதுபடச் சொன்னேன். அன்றைக்கே பள்ளிவாசலில் பாவாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பிள்ளைகள் பயப்படுகின்றன, எல்லாரிடமும் போனில் அலாரம் இருக்கிறது, இனி நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மாதச் சுற்றுதான் அவரை எங்கள் தெருக்களில் பாவாவாக வைத்திருந்தது. அது போயிற்று. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அலாரம் அடித்துத்தான் எழும்பினேன். சோறு, தயிர், வாழைப்பழம் எல்லாம் பாயில் எடுத்து வைத்தேன். டீயைப் பிளாஸ்கில் ஊற்றினேன். அதன் மூடி போன வருஷமே உடைந்துவிட்டது. வழக்கம்போல எவர்சில்வர் டம்ளரை எடுத்து அதன் தலையில் கவிழ்த்தேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. அதே பூ. அதே டம்ளர்.

முதல் நோன்பன்று ரசீத் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று, பாவா கூப்பிடுகிற சத்தத்தைப் பிடித்து அனுப்பியது நான். சஹர் பாயைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் நான். தம்மாமுக்குப் போன் போட்டேன். பூதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பிள்ளை சிரிக்கட்டும்னு ஒரு ஆப்ல வச்சுச் செஞ்சேன் ட்டி. ஒனக்கு அனுப்புமுன்ன ரூம்காரன் ஒருத்தன் எடுத்துப் போட்டுட்டான். என் பேர மட்டும் வெளிய சொல்லிராத. ஊர்ல தல காட்ட முடியாது."

அன்று காலை பாவா வீட்டைத் தேடிப் போனேன். பாளையங்கால்வாய்க் கரையில் ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து குடைக்கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். பதினோரு மாதத் தொழில் அதுதான். தாயிரா உள்ளே ஆணியில் தொங்கியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா. எட்டுத் தெருவுலயும் தாயிராவ அமத்திப் புடிச்சிட்டு வெறுந்தொண்டையில நான் கூப்புடுதது ஒங்க வாசல்ல மட்டுந்தான். கைப்பிள்ள முழிச்சிரும், அடிக்காதியன்னு நீங்கதான சொன்னிய."

சொன்னதுதான். நஸீஹா நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது சண்டை போட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு அடிக்கலாம் என்று சொல்ல நான் மறந்தேன். அடிக்காமலிருக்க அவர் மறக்கவில்லை.

"பொறவு ஏன் பள்ளியில சொல்லல பாவா?"

"ஆம்பள வெளிநாட்டுல இருக்க வீடு. கருக்கல்ல ஒங்க வாசல்ல வச்சு நடந்ததுன்னு நான் வாயத் தொறந்தா, ஊரு என்னத்தையெல்லாம் சேத்துப் பேசும்?"

இந்த ஊரை எனக்கு அவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிச் சேர்த்துப் பேசுகிறவர்களில் நானே முதல் ஆள். அழுகை வந்தது, அங்கேயே அழுதேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் பார்த்துப் பள்ளிவாசல் கேட்டில் நின்றேன். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் போன். குரலைப் பிடித்தது நான், பூதம் செய்தது என் வீட்டுக்காரர் ரசீத், பாவாவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாவாதான் இப்படிச் சொல்லச் சொன்னாரா என்று கேட்டார். நான் முதலில் பிடித்த பதிவைப் போட்டுக் காட்டினேன். பாவா குரலுக்கு அடியில் நஸீஹா இருமுவது கேட்டது. பிளாஸ்க் கைக்குக் கை மாறியது. பாவாவைத் திரும்ப வரச் சொல்லி ஆள் போனது. ரசீத் அன்று நாலு தரம் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

மறுநாள் கருக்கலில் தூரத்தில் தாயிரா கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றேன். பாவா எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் எப்போதும்போலத் தாயிராவை நெஞ்சோடு அமர்த்திப் பிடித்தார். இங்கேயும் அடியுங்கள் பாவா என்றேன்.

அவர் அடிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பால்காரரின் கையை நான் பார்ப்பதைப் போல, என் கைகள் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், போன் இல்லை. அதற்குப் பிறகுதான் தாயிராவைத் தட்டினார்.