தொடக்கச் சம்பளம் நாற்பத்தைந்தாயிரம்

கிறீச்சென்று ஒரு அலறல். அச்சு இயந்திரம் விக்கல் வந்தவனைப் போல இரண்டு முறை குலுங்கி, அப்படியே நின்றுவிட்டது. மேலே சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பீப், பீப் என்ற சத்தத்தில் கடையே காதைப் பொத்திக்கொண்டது.

பேனர்காரர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து ஓடினார். பத்தடி அகல ஃப்ளெக்ஸ் உருளையில் சிக்கி மடிந்து கிடந்தது. கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்ட ஒரு பட்டதாரிப் பெண், மூக்கு வரைக்கும் மட்டும் அச்சாகியிருந்தாள். அவள் தலைக்கு மேலே, ஆள் உயர எழுத்தில், 'எங்கள் மாணவர்களின் தொடக்கச் சம்பளம் மாதம் 45,000' என்ற வரி மட்டும் பிசிறில்லாமல் வந்திருந்தது.

தரையில் சம்மணம் போட்டு, இன்னொரு பேனரின் ஓரத்தில் பித்தளை வளையங்களைச் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்த வளையத்தார் எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக அவருக்கு அந்த ஒரே வேலை. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"சம்பளம் வந்துடுச்சு, வாய் வரல. இவ்வளவு சம்பளம் வாங்குறவ வாயைத் திறக்கக் கூடாதுன்னு மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு மச்சான்!"

"வாயை மூடிக்கிட்டு அந்த முனையைப் பிடிங்க. சாயங்காலத்துக்குள்ள காலேஜுக்குப் போகணும்."

இரண்டு பேருமாக ஃப்ளெக்ஸை உருவி எடுத்தார்கள். பேனர்காரர் புது உருளையை மாட்டி, மறுபடி அச்சுக்குக் கொடுத்தார். இந்தக் கல்லூரிக்கு வருஷா வருஷம் அவர்தான் பேனர் போடுகிறார். போன வருஷத்து ஃபைலைத் திறப்பார், பழைய முகங்களை எடுத்துவிட்டுப் புது முகங்களை வைப்பார். அரை மணி நேர வேலை. ஆனால் அந்தப் பேனர் ஒவ்வொன்றையும் அச்சடிக்கும்போது அவருக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. காரணம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் தன் மகளை அவர் அங்கே சேர்த்தார்.

தொழிலில் கெட்டிக்காரர். ஒரே ஒரு பழக்கம்தான் அவ்வப்போது அவர் காலை வாரும். வாடிக்கையாளருக்கு முதலில் ஒரு மாடல் செய்து அனுப்புவார். விவரம் வராத இடங்களைக் காலியாக விட அவருக்குக் கை வராது. "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்" என்பார். பெயர் வேண்டிய இடத்தில் எதையாவது போடுவார். எண் வேண்டிய இடத்தில் அவர் விரல் தானாகத் தன் வயதைத் தட்டிவிடும். வாடிக்கையாளர் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் மாடலைச் சரியாகப் பார்க்காமல், போனிலேயே "ஓகே, அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவர் வாசலில் 'நாற்பத்தெட்டு வருட அனுபவம்' என்று பேனர் தொங்கியது. டாக்டருக்கு வயது முப்பத்திரண்டு. நாற்பத்தெட்டு, பேனர்காரரின் அப்போதைய வயது. வளையத்தார் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்: "அம்மா வயித்துக்குள்ள போறதுக்குப் பதினாறு வருஷம் முன்னாடியே பல்லு புடுங்க ஆரம்பிச்சவரு!"

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கிய நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மகள் நின்றாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. அவளுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு, சான்றிதழில் இருக்கிறது. வீட்டில் அவள் வாலு. சின்ன வயதில் அவள் செய்த அட்டகாசத்துக்கு வைத்த பெயர். இந்த ஒன்பது மாதத்தில் அந்த வால் எங்கேயோ அறுந்து விழுந்துவிட்டது. படிப்பை முடித்து ஒன்பது மாதம், முப்பத்தொரு நேர்முகத் தேர்வு. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "எங்கம்மா வேலை பாக்குற?" என்று அத்தை கேட்பாளே என்று பயம்.

"அப்பா, வேலை கிடைச்சிடுச்சு."

பேனர்காரர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். வளையத்தார் சுத்தியால் வெறும் தரையில் ஒரு தட்டுத் தட்டினார், மேளம் மாதிரி.

"அப்படிப் போடு! எவ்வளவும்மா?" என்றார் வளையத்தார்.

வாலு போனை நீட்டினாள். கணக்கர் வேலை. மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி. சம்மதமா இல்லையா என்று இன்று மாலை ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பேனர்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"பன்னிரண்டாயிரம்..." இன்னொரு முறை படித்தார். "இது வாரத்துக்காம்மா?"

"மாசத்துக்குப்பா."

"ஏதோ தப்பா அடிச்சிருக்காங்க."

"தப்பு இல்லப்பா. இப்ப புதுசா சேர்றவங்களுக்கு எல்லா இடத்துலயும் இதுதான். என்கூடப் படிச்சவங்க பத்து, பதினொண்ணுன்னுதான் போறாங்க. எனக்குப் பன்னிரண்டு. நான் சரின்னு சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"நான் பத்தாவதோட நின்னவன். எனக்கே இங்க பதினெட்டு. நாலு வருஷம் படிச்ச பொண்ணை அடிமாட்டு விலைக்குக் கேக்குறானா?"

"அப்பா, மெதுவா..."

"இங்க வா."

அவளுடைய கையைப் பிடித்து இயந்திரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இந்த முறை பட்டதாரிப் பெண் வாயோடு, பல்லோடு, முழுதாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"படி. நாப்பத்தஞ்சு. உன் காலேஜ்தானே? என் கையால அடிச்சது, எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு நாப்பத்தஞ்சு குடுக்குறான், உனக்குப் பன்னிரண்டா? உனக்குக் கேக்கத் தெரியல. அவ்வளவுதான் விஷயம்."

"இது விளம்பரம்ப்பா."

"விளம்பரம்னா? இந்த ரோட்டுல எத்தனை காலேஜ் பேனர் இருக்கு? ஒருத்தன் நாப்பத்தேழு போடுறான், ஒருத்தன் அம்பது போடுறான். ஊரே சேர்ந்து பொய் சொல்லுமா?"

வளையத்தார் தொண்டையைச் செருமினார். "மச்சான், குழந்தை சொல்றதையும் கேளு. இருக்கிறதைப் பிடிச்சுக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்க சும்மா இருங்க. முதல்ல எந்த விலைக்கு ஒத்துக்கிறமோ அதுலதான் கடைசி வரைக்கும் நிக்கணும். நான் நின்னவன், எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி முதலாளி சொன்னதுக்குத் தலையாட்டினேன். இன்னும் ஆட்டிக்கிட்டு இருக்கேன். என் பொண்ணு ஆட்ட வேண்டாம்."

அந்தக் குரலில் இருந்தது கோபம் மட்டுமில்லை என்று வாலுவுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை. நாலு வருஷம் அவர் ஞாயிற்றுக்கிழமையிலும் கடைக்கு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அறுந்த செருப்பை இந்த ஃப்ளெக்ஸ் துண்டாலேயே தைத்துப் போட்டுக்கொண்டதையும்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். பேனர்காரர் ஸ்பீக்கரை அழுத்தினார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எதிரில் நின்றுகொண்டார்.

"சொல்லுங்கம்மா, எப்ப சேர்றீங்க?" என்றது ஒரு பெண்குரல். நல்ல குரல்தான்.

"மேடம்... சம்பளம் பத்தி ஒரு சின்ன விஷயம்..."

பேனர்காரர் மூன்று விரலை விரித்துக் காட்டினார். மறு கையால் காற்றில் ஒரு முட்டை போட்டார்.

"முப்பது... எதிர்பாக்குறேன் மேடம்."

மறுமுனையில் சிரிப்பு இல்லை, திட்டு இல்லை. ஏதோ ஒரு தாள் புரண்டது.

"அப்படிங்களா. சரிம்மா, குறிச்சுக்கிறேன்."

அவ்வளவுதான். போன் அடங்கியது.

"பாத்தியா? முடியாதுன்னு சொல்லவே இல்லையே!" என்றார் பேனர்காரர். "குறிச்சுக்கிறேன்னு சொன்னா, மேல கேட்டுட்டுச் சொல்றேன்னு அர்த்தம். இருபத்தஞ்சுக்கு வருவாங்க பாரு."

வாலு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வளையத்தார் சுத்தியை எடுத்தார், மறுபடி வைத்தார். இயந்திரம் கடைசி அடியையும் துப்பி முடித்தது. பேனர்காரர் நாலு ஓரமும் வெட்டிச் சுருட்டினார். மணி மூன்றரை ஆனபோது வாலுவின் மடியில் போன் அதிர்ந்தது.

அவள் படித்துவிட்டு, போனை அப்பாவிடம் கொடுத்தாள். 'தாங்கள் விண்ணப்பித்த பணியிடம் நிரப்பப்பட்டது. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.'

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் குடுத்தாங்களே..." பேனர்காரர் போனை அவளிடமே திருப்பி நீட்டினார். "போன் போடு. சரின்னு சொல்லிடு. பன்னிரண்டே சரின்னு சொல்லு."

அவள் எண்ணைத் தேடுவதற்குள் அவரே வாங்கிப் போட்டார். அதே குரல் எடுத்தது.

"மேடம், நான் அந்தப் பொண்ணோட அப்பா பேசுறேன். அவ தெரியாம கேட்டுட்டா... இல்ல, நான்தான் கேக்கச் சொன்னேன். பன்னிரண்டுக்கே வர்றா. நாளைக்கே வர்றா."

"அடுத்தவங்க கையெழுத்துப் போட்டாச்சு சார். கீழேயே உக்காந்திருந்தாங்க."

"ஒரு தடவை பாருங்க மேடம்..."

"அவங்க பதினொண்ணுக்கே ஒத்துக்கிட்டாங்க சார்," என்றாள் அந்தப் பெண். மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

வளையத்தார் தனக்குள் முணுமுணுத்தார். "உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா..." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாலு அழவில்லை, அழுதிருந்தால் பேனர்காரருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அம்மாகிட்ட நீங்க சொல்லாதீங்கப்பா, நானே சொல்லிக்கிறேன். நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்னு சொல்லிடறேன்," என்றாள். படியில் இறங்கும்போது, "மாமா, வரேன்," என்று வளையத்தாரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திரும்பிப் பார்க்காமல் தெருமுனையில் மறைந்தாள். பேனர்காரர் சுருட்டி வைத்த பேனரைத் தூக்கித் தோளில் போட்டார்.

"எங்க மச்சான் கிளம்பிட்ட? சாயங்காலம் வண்டியில போகுமே அது?"

"நானே கொண்டுபோறேன். அந்த நாப்பத்தஞ்சு குடுக்குற கம்பெனி எதுன்னு கேட்டுட்டு வரேன்."

கல்லூரியின் வேலைவாய்ப்பு அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நின்றால் தலை இடிக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, முதுகு கிழிந்த கோப்புகள். வேலைவாய்ப்பு அதிகாரி அதே கல்லூரியில் படித்து, வேறு வேலை கிடைக்காமல் அங்கேயே ஆறு வருஷமாக ஒட்டிக்கொண்டவன். சட்டைக் காலர் மடிப்பில் நூல் பிரிந்திருந்தது.

"அட, அண்ணே! நீங்களே தூக்கிட்டு வந்தீங்களா? உக்காருங்க."

பேனர்காரர் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னார். முப்பது கேட்டது, போனது, பதினொன்றுக்கு வேறு யாரோ ஏறியது. கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"தம்பி, நான் நாப்பத்தஞ்சு கேக்கல. முப்பதும் வேண்டாம். அந்தக் கம்பெனி பேர் மட்டும் சொல்லுங்க. வாசல்ல போய் நிக்கிறேன். பாதி குடுத்தாலும் போதும்."

அதிகாரி ஒரு கோப்பை இழுத்து, திறந்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான். போன வருஷம் வேலை கிடைத்தவர்களின் பட்டியல். மெலிசான கோப்பு. பத்து, பத்தரை, பதினொன்று. ஒரே ஒரு பதின்மூன்று, அதுவும் இரவு ஷிப்ட்டுக்கு.

"இவ்வளவுதான்ண்ணே. எனக்கே பதினாலு. வீட்டுல இருபத்தஞ்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பேனர்காரர் கோப்பின் கடைசித் தாள்வரை விரலை ஓட்டினார். முன்பக்கம் வந்து மறுபடி ஓட்டினார். பிறகு தோளிலிருந்த சுருளை மேசைமேல் வீசி விரித்தார். கோப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் கீழே உருண்டன. சிரிக்கும் பட்டதாரிப் பெண் மேசையைத் தாண்டித் தரைவரை தொங்கினாள். புது மையின் வாசனை அந்தச் சின்ன அறையை அடைத்தது.

"அப்ப இது யாரு வாங்கின சம்பளம்?" அவர் விரல் அந்த எண்ணின் மேல் குத்தி நின்றது. "அஞ்சு வருஷமா நான் அடிக்கிறேனே! இதைப் பாத்துத்தானே என் பொண்ணைச் சேர்த்தேன்? இதைக் காட்டித்தானே இன்னைக்கு அவ வேலையைக் கெடுத்தேன்? எவன் தம்பி இந்த நம்பரைக் குடுத்தது?"

அதிகாரி எண்ணைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். இவர் விளையாடுகிறாரோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டவனைப் போல லேசாகச் சிரிக்கப் போய், நிறுத்திக்கொண்டான்.

"நாங்க எந்த நம்பரும் குடுக்கலையேண்ணே... முதல் வருஷம் நீங்க அனுப்பின மாடல்லயே நாப்பத்தஞ்சுன்னு இருந்துச்சு, நல்லாயிருக்கேன்னு அப்படியே அடிக்கச் சொல்லிட்டோம்."