கட்டிலுக்கு மேலே ஒரு பாயிண்ட்

நாங்கள் கட்டும் புது வீட்டில் பூச்சு வேலை மறுநாள் தொடங்குவதாக இருந்தது. பூசிவிட்டால் பிறகு சுவரில் கை வைக்க மாட்டேன் என்பது எங்கள் எலெக்ட்ரீஷியன் சோலைராஜ் அண்ணாச்சியின் கண்டிப்பு. வீட்டுக்காரர்கள் நேரில் வந்து, ஒவ்வொரு அறையிலும் நின்று, டிவி எங்கே, ஃபேன் எங்கே, இன்டர்நெட் வயர் எங்கே என்று கையைக் காட்டினால்தான் சாக்பீஸால் குறிப்பார். அதன் பிறகுதான் கட்டர் மெஷினை வைத்துச் சுவரை வெட்டிப் பைப் பதிப்பார். அதனால் அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டைப் பூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

என் கணவர் மெர்வின் தோஹாவில் இருக்கிறார். ஒரு பெரிய கட்டடத்தின் கேமரா அறையில் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நாற்பது திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கான வயரிங் பிளானை அவரே போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஹாலில் பெரிய டிவி, சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், மாடிப்படிக்கு அடியில் ரூட்டர், அங்கிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி இன்டர்நெட் பைப். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு அழகுத்தாய் அக்காவிடம், "எங்க வீட்டுக்குள்ளயே தியேட்டர் வருதுக்கா" என்று பீற்றிக்கொண்டேன். புத்தி கெட்டவள், ஒரு தடவையாவது அந்தப் பிளானை உற்றுப் பார்த்திருக்க வேண்டாமா!

அண்ணாச்சிதான் பார்த்தார்.

"டிவிக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. அம்புட்டுத்தானம்மா இன்டர்நெட்டு வேணும்? பிளான்ல எட்டு பாயிண்ட் இருக்கு. மிச்சம் ஆறும் சீலிங்குக்கு அரை அடி கீழ, மூலையில வருது."

"ஸ்பீக்கரா இருக்கும் அண்ணாச்சி."

"ஸ்பீக்கருக்கு வேற பைப்புல்லா போட்டிருக்கு. இது கேமராம்மா. உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்றால் திருட்டுப் பயம் என்று விட்டுவிடுவேன். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று. ஆறாவது, படுக்கையறையில், கட்டில் போட வேண்டிய இடத்துக்கு மேலே.

மெர்வின் கெட்டவர் என்று யாரிடமும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அடித்திருந்தாலாவது அம்மாவிடம் போய் அழுதிருக்கலாம். கேள்வி கேட்பார், அவ்வளவுதான். நான் நூல் மில் ஆபீஸில் வேலை பார்த்தபோது, வீட்டுக்கு வர ஏன் ஏழு நிமிடம் லேட் என்று கேட்டுக் கேட்டே வேலையை விட வைத்தார். சர்ச்சில் பெண்கள் ஜெபத்துக்காகப் போனை அணைத்து வைத்த அன்று, ஒரு மணி நேரத்துக்குள் என் சொந்தக்காரர்கள் ஒன்பது பேருக்குப் போன் போட்டுவிட்டார். வாடகை வீட்டில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால், அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் என்னுடையது. அழுவேன். சில நாள் சும்மா சிரிப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆடியும் இருக்கிறேன். புது வீட்டில் அதுவும் போய்விடும்.

"அண்ணாச்சி, பெட்ரூம்ல மட்டும் அது வேண்டாம்."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "சார் அவிய போன வாரமே சொல்லிட்டாவம்மா. நீங்க எதையாச்சும் மாத்தச் சொன்னா, ஒடனே அவியளுக்குத் தெரியணுமாம்."

நான் வேண்டாம் என்பேன் என்பதுகூட மெர்வினுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது! அங்கே அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "செத்த நேரம் இருங்க" என்று மட்டும் சொன்னார்.

பதினோரு மணிக்கு மெர்வினுக்கு டீ இடைவேளை. தினமும் எனக்கு வரும் வீடியோ கால் அன்று அண்ணாச்சிக்கு வந்தது. ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொன்னார். படுக்கையறைக்கு வந்ததும் அண்ணாச்சி போனை அந்த மூலைக்கு உயர்த்திப் பிடித்தார்.

"சார், இந்த இடத்துல பில்லர் வருது. கான்கிரீட்டை வெட்டக் கூடாது. கம்பி வெளிய தெரிஞ்சா வீட்டுக்கே ஆகாது."

பில்லர் இருந்தது உண்மைதான். ஒரு அடி தள்ளினால் வெறும் செங்கல் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனுஷனிடம் அது எடுபடுமா?

"பில்லருக்கு இந்தப் பக்கம் செங்கல் தெரியுதே அண்ணாச்சி. ஷீனா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல சார். நானாத்தான் சொல்லுதேன்."

"அவளுக்காக நீங்க எதுக்குப் பேசுதீங்க? உங்களுக்கும் அவளுக்கும் என்ன பேச்சு?"

அண்ணாச்சியின் முகம் செத்துப்போனது. ஐம்பது வயது மனிதர், மரியாதையாக வேலைக்கு வந்தவர். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய்ப் போனை வாங்கினேன்.

"நான்தான் வேண்டாம்னேன். அண்ணாச்சி மேல பழி போடாதீங்க. என் பெட்ரூம்ல கேமரா வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. கத்துவார், வீட்டு வேலையையே நிறுத்துவார் என்றெல்லாம் நினைத்தேன். அவர் சிரித்தார். குரல்கூட இதமாகத்தான் இருந்தது.

"இதுக்கா இம்புட்டுப் பயம்? சரி, பைப்பே வேண்டாம், விடு. இப்பல்லாம் பல்புலயே கேமரா வருது ஷீனா. ஹோல்டர்ல மாட்டினா போதும், வைஃபைல ஓடும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாங்கிட்டு வாரேன்."

போன் அணைந்தது. அண்ணாச்சிக்கும் எல்லாம் கேட்டிருந்தது. ஆனாலும் சாயங்காலத்துக்குள் சுவரை வெட்டி முடிக்க வேண்டுமே, அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். "இந்த ரூமுக்கு லைட் பாயிண்ட் எந்தப் பக்கம்மா வைக்க?" என்றார்.

நாலு சுவரையும் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அதில் ஒரு ஹோல்டர் இருக்கும்.

"லைட்டே வேண்டாம் அண்ணாச்சி," என்றேன். "நான் இருட்டுலயே இருந்துக்கிடுதேன்."